ஓடுபாதை ஓரம்: ஹேங்கர் தாத்தா பதில்கள்

(விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கிற கொட்டகைக்கு ஹேங்கர் என்று பெயர். அங்கே பயிற்சி விமானங்களுக்கு ஸ்பேனர் பிடித்தே 31 வருடம் ஓட்டியவர் ஹேங்கர் தாத்தா. இப்போது தண்டையார்பேட்டையில் ஓய்வு. சேலம் விமான நிலையத்தில் பயணி விமானமும் பயிற்சி விமானமும் ஒரே ஓடுபாதையைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றிப் போன இதழில் அவர் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிக்கு, வடசென்னையிலிருந்து வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய. முடிந்தவரை இந்த இதழில்.)

ஆர்.வி., கொருக்குப்பேட்டை: மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலம் போய்விட்டு விமானத்தில் திரும்பினோம். கதவை மூடி, காற்றாடி சுற்ற ஆரம்பித்த பிறகும் பத்து நிமிஷம் நகரவில்லை. ஜன்னலில் பார்த்தால் ஒரு குட்டி விமானம் இறங்குகிறது, தரையைத் தொட்டதும் ஏறுகிறது, மறுபடி வருகிறது. காசு கொடுத்த எங்களை நிறுத்திவைத்து அதற்கு வழி விடுவது என்ன நியாயம்?

உங்களுக்காக, அந்தக் குட்டி விமானத்தில் ஓட்டிப் பழகுகிற பையன் எத்தனை நாள் காத்திருந்தான் என்று அவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். பொதுவாகப் பயணி விமானத்துக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் இறங்குவதற்காக ஓடுபாதைக்கு நேராக வந்துவிட்டவனை, கடைசி நேரத்தில் ‘கொஞ்சம் இருப்பா’ என்று வானத்தில் நிறுத்த முடியாது. அவன் வந்து தொட்டுவிட்டுப் போகட்டும் என்று டவரில் இருப்பவர் உங்களைப் பிடித்து வைத்திருப்பார்.

நீங்கள் பார்த்ததற்கு சர்க்யூட் என்று பெயர். ஏறுவது, இடது பக்கம் திரும்புவது, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது, மறுபடி இரண்டு முறை திரும்பி இறங்குவது. தரையிலிருந்து சுமார் ஆயிரம் அடி உயரம். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிஷம். சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி ஏறுவதை ‘டச் அண்ட் கோ’ என்போம். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்து முறை இறங்கிப் பழகலாம். விமானம் ஓட்டுவதில் பாதிக் கல்வி இறங்குவதுதான்.

இன்னொன்று. சின்ன ஊர் நிலையங்கள் பலவற்றில் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இணையாக ஓடும் டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகிற தனிப் பாதை, கிடையாது. உங்கள் விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை ஊர்ந்து போய், அங்கே வட்டமடித்துத் திரும்பித்தான் கிளம்ப வேண்டும். அத்தனை நேரமும் வேறு யாரும் அதைத் தொட முடியாது. நம்ம மின்ட் பக்கத்துச் சந்தில் தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகும் அந்தக் குட்டி விமானம் உடனே ஏறக் கூடாது. நீங்கள் ஏறிய ஏடிஆர் என்கிற காற்றாடி வைத்த பயணி விமானம் முழுச் சுமையோடு 23 டன். செஸ்னா 152 என்கிற பயிற்சி விமானம் ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்தே 757 கிலோ. தெருவில் நிற்கிற ஸ்விஃப்ட் கார் காலியாகவே அதைவிடக் கனம். பெரிய விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து சுழல் காற்று கிளம்பிப் பின்னால் தங்கும். விசைப்படகு போன பிறகு கட்டுமரம் எப்படி ஆடும், பார்த்திருப்பீர்களே. அது அடங்க இரண்டு மூன்று நிமிஷம் சின்னவன் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அப்படி நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பல பள்ளிகளில் எஞ்சின் ஓடுகிற நேரத்துக்குத்தான் காசு. அதனால் அந்தப் பத்து நிமிஷத்துக்கு உங்களுக்குப் போனது பொறுமை, அவனுடைய அப்பாவுக்குப் போனது பணம்.

ஒரு தாய், கொடுங்கையூர்: ஐயா, என் மகன் ப்ளஸ் டூ முடித்துவிட்டான். பைலட் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, ஒரு வருடத்தில் லைசென்ஸ், உடனே வேலை என்கிறார். என் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கலாம் என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்ய?

தங்கச்சி, பத்திரத்தை பீரோவிலேயே வை. ஏஜென்ட்டுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பு. பிறகு நான் சொல்கிற வரிசைப்படி போ.

முதலில் பையனின் உடம்பு. டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற மத்திய அரசு அமைப்பு, அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல், அதற்குப் பிறகு கிளாஸ் 1 மெடிக்கல். கமர்ஷியல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 கட்டாயம். நிறக்குருடு, காது, இதயம் என்று எல்லாம் பார்ப்பார்கள். இதற்கு ஆகிற செலவு ஆயிரக் கணக்கில்தான். லட்சக் கணக்கில் ஃபீஸ் கட்டிவிட்டு, பிறகு மெடிக்கலில் தேறாமல் போன ஒரு பையனை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஹேங்கருக்கு அவன் அப்பா வந்து, விமானத்தின் இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அதனால்தான் மெடிக்கலை முதலில் சொல்கிறேன்.

இரண்டாவது படிப்பு. ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருந்ததா? இல்லையென்றால் அந்தப் பாடங்களைத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகத் தனியாக எழுதலாம். அடுத்தது டிஜிசிஏ தேர்வுகள்: வழிகாணல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுத்தால்தான் பாஸ். ரேடியோவில் பேசுவதற்கு ஒரு தனித் தேர்வு. இவற்றைப் பறக்க ஆரம்பிப்பதற்கு முன்பே வீட்டிலிருந்து படித்து எழுதலாம். ஆறு மாதம் கொடு. இரண்டு தேர்வாவது தாண்டினான் என்றால் அவன் ஆசைக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று அர்த்தம். புத்தகத்தைத் தொடவில்லை என்றால் ஒற்றைக் கால் வலித்துத் தானாகவே உட்கார்ந்துவிடுவான்.

மூன்றாவதுதான் பணம். கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் அவனே தலைமையேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 நாட்டிக்கல் மைல், அதாவது 550 கிலோமீட்டருக்கு மேல், வழியில் இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஒரு நீண்ட பயணம் உண்டு. இரவில் 5 மணி நேரம், பத்து முறை ஏறி இறங்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து இன்றைக்கு ஐம்பது லட்சத்தை ஒட்டி வருகிறது. அது முடிந்தாலும் ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்டத் தனிப் பயிற்சி. அதற்கும் பல லட்சம். லைசென்ஸ் கையில் இருந்தும் வருடக் கணக்கில் வேலைக்குக் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘உடனே வேலை’ என்று சொல்கிறவரிடம் அதை முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல், அடுத்த நாள் போனை எடுக்க மாட்டார்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் பையனை மட்டும் அனுப்பாதே, நீயும் போ. வரவேற்பறையில் உட்காராதே, ஹேங்கருக்குள் நட. எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதே. இன்று காலை எத்தனை பறந்தது என்று கேள். பத்து விமானம் நிற்கும், அதில் நான்குக்கு எஞ்சின் இருக்காது. எத்தனை மாணவர்கள், எத்தனை பயிற்றுநர்கள்? போன வருடம் சேர்ந்த பையன் இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறான்? பறந்த கணக்கை எழுதிவைக்கிற அவனுடைய லாக் புக்கையே காட்டச் சொல். மெஸ்ஸில் சாப்பிடுகிற மாணவர்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடு. அரை மணி நேரத்தில் எல்லா உண்மையும் வந்துவிடும். 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏவும் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடுகிறது. அதையும் பார்த்துக்கொள். எல்லாம் சரியென்றால்கூட மொத்தப் பணத்தையும் முதல் நாளே கட்டாதே. பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை. அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடு.

மத்திய அரசின் பறப்புப் பயிற்சி அகாடமி ஒன்று உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். அதையும் எழுதிப் பார்க்கட்டும்.

வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டாய். இன்னொரு பிள்ளை இருந்தால் வைக்காதே. அவ்வளவுதான் என் கருத்து. உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்.

டி. எம்., காசிமேடு: ஓடுபாதையில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக நம்பர் எழுதியிருக்கிறார்களே, அது என்ன கணக்கு? பைலட்டுக்கு நீச்சல் தெரிய வேண்டுமா?

நம்பரைப் பற்றி உங்களுக்குச் சொல்வது சுலபம், ஏனென்றால் காற்று உங்களுக்குத் தெரியும். திசைகாட்டியில் 360 பாகை. ஓடுபாதை எந்தப் பாகையை நோக்கி இருக்கிறதோ, அதில் கடைசி ஒரு எண்ணை விட்டுவிட வேண்டும். சேலத்தில் 04, 22 என்று எழுதியிருக்கும். ஒரு முனையிலிருந்து பார்த்தால் சுமார் 40 பாகை, வடகிழக்கு. மறுமுனையிலிருந்து 220, தென்மேற்கு. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 07, 25. எந்த ஊரிலும் இரண்டு முனைக்கும் 18 வித்தியாசம் இருக்கும்.

வாடை அடிக்கும்போது ஒரு முனையிலிருந்து இறங்குவார்கள், கச்சான் அடிக்கும்போது மறுமுனை. எப்போதும் காற்றை முகத்தில் வாங்கித்தான் ஏறுவதும் இறங்குவதும். காற்றாடி விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி ஓடினால் காற்றாடி எழும்புமா? (மாஞ்சா மட்டும் வேண்டாம் சாமி, போலீஸ் பிடிக்கும், கழுத்தும் அறுபடும்.) இரண்டு முனைக்கும் குறுக்காகக் கொண்டல் மாதிரி அடித்தால்தான் மாணவர்களுக்குச் சோதனை. அன்றைக்குப் பயிற்றுநர் மட்டும் ஓட்டுவார், அல்லது எல்லாரும் கேரம் ஆடுவார்கள்.

நீச்சல், லைசென்ஸுக்குத் தேவையில்லை. ஆனால் காசிமேட்டில் பிறந்துவிட்டு நீச்சல் தெரியாது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

எஸ். கே., பத்தாம் வகுப்பு, வியாசர்பாடி: தாத்தா, விமானத்துக்கும் பைக் மாதிரி பெட்ரோல்தானா? பறக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன செக் பண்ணுவாங்க?

பேராண்டி, நான் எதிர்பார்த்த கேள்வி இதுதான்.

பெரிய விமானத்துக்கு ஊற்றுவது ஒருவகை மண்ணெண்ணெய். செஸ்னா மாதிரி குட்டி விமானத்துக்கு ஏவ்கேஸ் என்கிற உயர்ரகப் பெட்ரோல். அது நீல நிறம், சொட்டு நீலம் கலந்த மாதிரி. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னால் இறக்கைக்கு அடியில் இருக்கிற ஒரு சின்ன வால்வை அழுத்திக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடிப்போம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நீலம் தெரிய வேண்டும். அடியில் நிறமில்லாமல் ஒரு குமிழ் உருண்டால் அது தண்ணீர். ராத்திரி குளிரில் டேங்கின் உள்பக்கம் வியர்த்துச் சேர்ந்தது. அது எஞ்சினுக்குள் போனால் வானத்தில் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவைக்கு நான்கு தடவை பிடித்துப் பார்ப்பேன்.

அப்புறம் மேக்னெட்டோ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு தனித்தனி மின்சாரக் கருவிகள் அவற்றுக்கு நெருப்பு கொடுக்கும். ஒன்று செத்தாலும் மற்றது இழுத்துப் போகும். கிளம்புவதற்கு முன் எஞ்சினை 1700 சுற்றில் வைத்து ஒன்றை அணைத்துப் பார்ப்பார்கள், பிறகு மற்றதை. செஸ்னா 152-ல் 125 சுற்றுக்கு மேல் குறைந்தால் அன்றைக்குப் பறப்பு கிடையாது, நேராக என்னிடம் வரும்.

இப்போது உனக்கு மட்டும் ஒரு கதை. இறக்கையின் முன்பக்கம் விரல் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், பிட்டோ டியூப். எதிர்க்காற்று அதற்குள் புகுந்து அழுத்துவதை வைத்துத்தான் வேகமானி வேகம் காட்டும். விமானம் நிற்கும்போது அதற்கு ஒரு சிவப்பு உறை மாட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை யாரோ மாட்ட மறந்துவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை மாணவன் ஓடுபாதையில் ஓடுகிறான், வேகமானி சுழியத்திலேயே படுத்திருக்கிறது. நல்லவேளை, பயிற்றுநர் பக்கத்தில் இருந்தார். எஞ்சின் வேகத்தைக் குறைக்கிற த்ராட்டிலை இழுத்து நிறுத்திவிட்டார். கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குளவி மண்ணால் அழகாகக் கூடு கட்டி, வாசலையும் பூசி மெழுகி வைத்திருந்தது. ஒன்றரை நாளில் ஒரு வீடு! எங்கள் தெருவில் கவுன்சிலர் ஆரம்பித்த குடிநீர்க் குழாய் வேலை ஞாபகம் வந்தது.

இன்னொரு தடவை மாலையில் கருவிகளை எண்ணினால் ஒரு ஸ்பேனர் குறைகிறது. எண்ணிக்கை சரியாகாமல் அந்த விமானம் பறக்கக் கூடாது. உள்ளே எங்கேயாவது கிடந்து கன்ட்ரோல் கம்பியில் சிக்கினால் கதை முடிந்தது. இரவு ஒன்பது மணி வரை தரைப்பலகைகளைக் கழற்றித் தேடினோம். கடைசியில் அது என் சாப்பாட்டுப் பையில், தயிர் டப்பாவுக்கு அடியில் இருந்தது. ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை.

பி. ஜி., திருவொற்றியூர்: சேலம் விமானம் வருவதும் நிற்பதுமாகவே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானம் வருகிற ஊருக்கு விமான நிலையம் எதற்கு? அங்கே போய்ப் பயிற்சிப் பள்ளி வேறு ஏன்?

உங்கள் இரண்டாவது கேள்விதான் முதல் கேள்விக்குப் பதில்.

ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் அந்த நிலையம் திறந்தது 1993-ல். விமானம் வந்தது, கூட்டமில்லை என்று நின்றது. 2009-ல் இன்னொரு நிறுவனம் சென்னைக்கு விட்டது; இரண்டு வருடத்தில் அதுவும் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் மறுபடி சென்னை விமானம், 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. ஆக, உங்கள் எரிச்சல் நியாயம்தான்.

உடான் என்பது 2016-ல் அறிவித்த திட்டம். முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் போனது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற நிறுவனத்துக்கு, டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு, நஷ்டத்தை அரசு ஈடுகட்டும். மூன்று வருடத்துக்கு அந்த வழித்தடமும் அவர்களுக்கே. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கிற விமானங்களிடம் வசூலிக்கிற கட்டணம். மூன்று வருடம் முடிந்ததும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை ‘ஒன்று வாங்கினால் ஒன்று’ என்று மூன்று மாதம் போடுகிற கதைதான். நான்காவது மாதம்தான் பிரியாணியின் ருசி தெரியும். சேலத்துக்கு ராத்திரி ரயில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். அதோடு போட்டி போட வேண்டும் என்றால் காலை, மாலை என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரத்தில், நாள் தவறாமல் விமானம் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் வரும், ஐந்தாவது நாள் வராது என்றால் யார் நம்பிப் போவார்கள்?

சரி, விமானம் வந்து போகிற ஒரு மணி நேரம் தவிர மீதி நாள் முழுக்க ஓடுபாதை, டவர், தீயணைப்பு வண்டி எல்லாம் என்ன செய்யும்? வெயில் காயும். அதனால்தான் விமான நிலைய ஆணையம் இப்படிப்பட்ட நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் கொடுக்க ஆரம்பித்தது. வருமானத்தில் பங்கு கேட்கிற பழைய வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். முதலில் பெலகாவி, ஜல்காவ், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி. 2022-ல் இரண்டாவது சுற்றில் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர், நம்ம சேலம். கடப்பா நமக்கு ஒன்றும் தூரமில்லை, மும்பை போகிற ரயில் பாதையில் ரேணிகுண்டா தாண்டினால் வருகிறது.

என் கட்சி இதுதான்: பயணி விமானம் நின்றுபோன நாட்களிலும் ஒரு சின்ன நிலையத்தை உயிரோடு வைத்திருப்பது இந்தக் குட்டி விமானங்கள்தான். ரேடியோவில் பேச்சு ஓயாது. புல் வெட்டுகிறவருக்கும் டீ விற்கிறவருக்கும் வேலை இருக்கும். மாணவனுக்கும் லாபம் உண்டு. யாருமே வராத காட்டு ஓடுபாதையில் பழகியவனுக்கு ரேடியோவில் பேசவே நாக்கு எழாது. ஏடிஆர் வருகிறது, நீ வடக்கே போய் வட்டமடி என்று டவர் அதட்டுகிற இடத்தில் பழகியவன் பின்னாளில் மும்பையில் தடுமாற மாட்டான். காத்திருக்கிற நேரத்துக்குக் காசு போகிறது என்று மேலே சொன்னேனே, அது இந்தப் படிப்புக்கான ஃபீஸ் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கே. வி., செங்குன்றம்: புழல் ஏரியில் விமானம் இறங்கியது என்று என் தாத்தா சொல்வார். கதை அளந்தாரா?

அளக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் உங்கள் ஏரியில்தான் இருந்தன. வயிறு படகு மாதிரி இருக்கும். தண்ணீரிலேயே இறங்கி ஏறும். அங்கிருந்து வங்காள விரிகுடா மேலே நெடுநேரம் சுற்றி நீர்மூழ்கிகளைத் தேடும். இன்னும் கொஞ்சம் வடக்கே சோழவரத்தில் தரை ஓடுபாதையே இருந்தது. போர் முடிந்த பிறகு அதில் கார் பந்தயம், பைக் பந்தயம். நானும் சைக்கிளில் போய் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை வந்ததும் அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது.

வானத்துக்கும் வடசென்னைக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இன்னொன்று: 1910-ல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் செய்த விமானத்தைப் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜனங்களுக்குப் பறந்து காட்டியது தீவுத்திடலில். ராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடுகிற தூரம்.

மாணவி, பெரம்பூர்: மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேன். உயரமும் குறைவு. அப்பா ‘உனக்கு எதுக்கும்மா’ என்கிறார்.

கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும்மா. கண்ணாடி போட்ட கேப்டன்கள் ஏராளம். மாற்றுக் கண்ணாடி ஒன்று கூடவே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உயரத்துக்கு, கால் பெடலை முழுசாக மிதிக்க முடிகிறதா, முன்னால் எட்டிப் பார்க்க முடிகிறதா என்பதே பேச்சு. முதுகுக்குப் பின்னால் ஒரு குஷன் வைத்துக்கொண்டு பறந்து லைசென்ஸ் வாங்கிய பெண்ணின் விமானத்துக்கு நான்தான் ஆயில் மாற்றினேன்.

அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டு: இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரி அதில் பாதிகூட இல்லை. 1951-லேயே மதராஸ் அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து கணவரோடு சேர்ந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் உஷா சுந்தரம்.

ஒரு வாசகர், எண்ணூர்: நம்ம பக்கத்துப் புகையில் பயிற்சி விமானம் பறக்க முடியுமா?

கண்ணால் பார்த்து ஓட்டுகிற மாணவனுக்கு ஐந்து கிலோமீட்டர் தெரிய வேண்டும். எங்கள் மொட்டை மாடியிலிருந்து மணலி சிம்னிகள் தெரிந்தால் பறக்கலாம் என்பது என் கணக்கு. போகியன்று காலையில் எதிர்வீட்டு மாடியே தெரியாது. அன்றைக்குப் பெரிய விமானங்களே திணறும்.

ஐடிஐ மாணவன், எருக்கஞ்சேரி: பைலட் படிப்புக்கு வசதியில்லை. விமானத்தோடு இருக்கிற மாதிரி வேறு வேலை உண்டா?

என் வேலை உண்டே! விமானப் பராமரிப்பு என்ஜினியர் லைசென்ஸ். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். டிஜிசிஏ அங்கீகாரம் உள்ள நிறுவனமா என்று மட்டும் பார்த்துச் சேர். அது இல்லாத இடம் கொடுக்கிற சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் ஆகும். பைலட் படிப்போடு பார்த்தால் செலவு பல மடங்கு குறைவு. எஞ்சின், சட்டகம் ஒரு பிரிவு; மின்சாரம், ரேடியோ, கருவிகள் இன்னொரு பிரிவு. கை கறுக்கும், முதுகு வலிக்கும். ஆனால் ‘இது பறக்கத் தகுதியானது’ என்று நீ கையெழுத்துப் போடாமல் எந்தக் கொம்பன் கேப்டனும் வண்டியை நகர்த்த முடியாது. அந்தக் கையெழுத்தை முதன்முதலாகப் போட்ட அன்று நான் ராயபுரம் வரை வந்து எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன்.

எல். என்., ராயபுரம்: ராயபுரம் பாதாம் பால் கடைக்கு எதிரில்தான் என் வீடு. இத்தனை வருடம் விமானத்தைக் கழற்றி மாட்டினீர்களே, நீங்கள் பறந்திருக்கிறீர்களா?

ஒரு பழைய பயிற்றுநர் இருந்தார். பெரிய ரிப்பேர் முடிந்து முதல் சோதனைப் பறப்புக்குப் போகும்போது, ரிப்பேர் செய்தவனும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். “உன் வேலையில உனக்கே நம்பிக்கை இல்லன்னா எனக்கு எதுக்குய்யா?” என்பார். முதல் தடவை, நானே மாற்றிய சிலிண்டர். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சின் சத்தத்தில் ஒவ்வொரு நட்டாக மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், எதை எவ்வளவு முறுக்கினேன் என்று. கீழே ஏரி தெரிகிறது, மலை தெரிகிறது, பாருய்யா என்று அவர் காட்டிக்கொண்டே இருந்தார். நான் ஆயில் அழுத்தம் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி நின்றதும், “எப்படி இருந்தது?” என்றார்.

“முள் பச்சைக் கோட்டுக்குள்ளேயே இருந்துச்சு சார்” என்றேன்.